கண் திறந்த கப்பலில் ஷூ போடலாமா?

நோய்க்காலம் முடிந்து மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கிற ஜோகூர்ப் பாலத்தை மறுபடி திறந்தார்களே, அப்போது முதல் நாள் பஸ்ஸிலேயே என் மச்சான் வந்து இறங்கினான். அக்காவைப் பார்த்து இரண்டு வருடமாச்சு என்று அழுதுகொண்டே வந்தவன், உட்லண்ட்ஸில் என் வீட்டுச் சோபாவில் படுத்துத் தூங்கினான். எழுந்து பிராட்டா தின்றான். மறுபடி தூங்கினான். அவன் ஒரு வழியாகத் திரும்பிப் போய், சோபா எனக்குக் கிடைத்த அந்த வாரம்தான் இந்தக் கப்பல் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சோபாவில் நான் ஒரு மதியம்கூட முழுசாகத் தூங்கவில்லை. அதனால் எனக்கு அந்த வருடம் மறக்காது.

1. மூக்குத்தி போட்ட கப்பல்

நான் கப்பல் யார்டில் வேலை பார்த்தவன். சாரம் கட்டுவது, பெயிண்ட் அடிப்பது, பிறகு அந்த ஆட்களுக்கே போர்மேன். எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல், மாடு ஏற்றுகிற கப்பல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மாட்டுக் கப்பல் டாக்குக்கு வந்தால் மூன்று நாள் சோறு இறங்காது. அதை இங்கே சொல்ல வேண்டாம். நான் பார்த்த கப்பல் எல்லாம் ஒரே மாதிரிதான். கீழே சிவப்பு, மேலே கறுப்பு, பின்னால் ஒரு வெள்ளை வீடு.

ரிட்டையர் ஆன பிறகு என்னைக் கூப்பிட்டது மேடை செட், கண்காட்சி செட் போடுகிற ஒரு கம்பெனி. பள்ளி விடுமுறைக்கு நகரத்தில் ஒரு பெரிய மாலின் நடுக்கூடத்தில் கப்பல் கட்ட வேண்டும், பிள்ளைகள் அதில் ஏறி விளையாடும், ஊரிலிருந்து வந்த ஆட்களை வைத்து வேலை வாங்க வேண்டும் என்றார்கள். கப்பல்தானே என்று போனேன்.

அங்கே ஷாலினி என்று ஒரு பெண். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, கிளமெண்டியில் வீடு. அதுதான் டிசைனர். ஐபேடைத் திருப்பிக் காட்டியது. முன்பக்கம் ஒரு பெண்ணின் முகம். கூந்தல் அப்படியே பின்னால் அலையலையாகப் போய் கப்பலின் பக்கப் பலகையாகிறது. உடம்பெல்லாம் மீன் செதில். பாய் இருக்கிற இடத்தில் தும்பி இறக்கை மாதிரி நாலு.

"இது எந்த நாட்டுக் கப்பல்மா?"

"எந்த நாடும் இல்ல அங்கிள். It's a different world. அங்க கப்பல யாரும் கட்ட மாட்டாங்க. முட்டையிலருந்து வரும். வளரும். மேகத்து மேல போகும்."

"தண்ணியில போகாதா?"

"போகாது."

"அப்ப எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு பக்கத்துல கோடு போடுவாங்களே, அது வேணாமா?"

"வேணாம் அங்கிள்."

"நங்கூரம் மட்டும் போட்டிருக்கியேம்மா, மேகத்துல எங்க போய் மாட்டும்?"

"அது அழகுக்கு."

"சரி. டாய்லெட் எங்க?"

அந்தப் பெண் ஐபேடைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. மறுநாள் வந்த படத்தில் பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருந்தது. கேட்டால் கேட்பதை யோசிக்கிற பிள்ளை. அதனால் எனக்குப் பிடித்துப்போயிற்று.

இந்தக் கப்பலுக்காக அது நிறைய அலைந்திருக்கிறது. மால்காரர்களிடம் இரண்டு தடவை கொண்டுபோய்க் காட்டி, இரண்டு தடவையும் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தடவைதான் சரி என்றார்களாம். அதுவரை அந்தப் பெண் வரைந்தது எல்லாம் தள்ளுபடி விற்பனைக்குத் தொங்கவிடுகிற பொம்மைகள். "இதான் அங்கிள் என்னோட first real thing" என்றது. நான் கதவைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

படத்தில் கப்பலின் மூக்கில் ஒரு பெரிய வளையம் இருந்தது. கப்பலைக் கட்டிப்போடுகிற கயிற்றுக்கு அந்த வளையம் என்றது ஷாலினி. எங்கள் ஆட்கள் யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

2. கண் வந்த நாள்

நடுக்கூடத்தைப் பலகை வைத்து மறைத்துவிட்டு உள்ளே வேலை. இரும்பு பிரேம், மேலே ஃபோம், அதற்கு மேல் ஃபைபர். பாதி மேல்தளம் போட்டாகிவிட்டது. பாதி வெறும் கம்பி. இறக்கை ஒன்றுகூட ஏற்றவில்லை. அந்த நேரத்தில் மால் தரப்பில் ஒரு அம்மா வந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். போஸ்டருக்குப் படம் வேண்டும், முகத்தை மட்டும் முதலில் முடித்துக் கொடுங்கள் என்றார்.

ஷாலினி சாரத்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு கண்ணையும் தானே வரைந்தது. நல்ல அகலமான கண். மை தீட்டிய மாதிரி ஓரம். நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு ஒளி. அது வைத்ததும் முகம் எங்களைப் பார்த்தது. எந்தப் பக்கம் போய் நின்றாலும் பார்த்தது.

முருகேசன் மேல்தளத்தில் வெல்டிங்கில் இருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன், என்னோடு யார்டில் இருந்தவன், வேலையில் சூரன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கினான். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். வெறுங்காலோடு மறுபடி ஏறினான்.

"ஏன்டா?" என்றேன்.

"அண்ணே, மொகத்தப் பாத்தீங்கல்ல? அம்மன் தலைக்கு மேல எப்படிண்ணே ஷூவோட நடக்கிறது?"

நான் பார்த்தேன். அது பார்த்தது. நானும் கழற்றிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் எல்லோருடைய ஷூவும் சாரத்துக்கு அடியில் வரிசையாக நின்றது. மறுநாள் மூக்கு வளையத்தில் மல்லிகைச் சரம் தொங்கியது. யாரோ தேக்கா மார்க்கெட்டில் வாங்கிவந்திருந்தார்கள். அதற்கு மறுநாள் குங்குமம். அப்புறம் எலுமிச்சம்பழம். மதியச் சாப்பாட்டுக்காரரிடம் முருகேசன் போன் போட்டு, இந்த வேலை முடிகிறவரைக்கும் ஆட்டுக்கறி வேண்டாம், சாம்பார் போதும் என்றான். எனக்கு அதில் சம்மதம் இல்லை. யார் கேட்டார்கள்?

வேலை பர்மிட் புதுப்பிக்கக் காத்திருந்த ஒரு தம்பி கப்பல் முன் நின்று வேண்டிக்கொண்டான். அந்த வாரமே பர்மிட் வந்துவிட்டது. அதோடு கதை எங்கள் கையை மீறிப் போனது. மாலில் கூட்டுகிற அக்காமார்கள் வந்தார்கள். லாரி டிரைவர் வந்தார். கார் பார்க்கிங் செக்யூரிட்டி தன் மகளுக்கு ஓ லெவல் பரீட்சையில் கணக்கு வர வேண்டும் என்று வந்தார்.

ஷாலினிக்கு முதலில் சந்தோஷம். "அங்கிள், everyone loves it!" என்றது. எதற்காக என்று அதற்குத் தெரியவில்லை.

3. மிஸ்டர் கோ காலைத்தான் பார்ப்பார்

சேஃப்டி ஆபீசர் மிஸ்டர் கோ, சீனர். என்னைவிடப் பத்து வருடம் இளையவர். எங்கே போனாலும் முதலில் ஆளின் காலைப் பார்ப்பார், பிறகு தலையில் ஹெல்மெட்டைப் பார்ப்பார், நடுவில் முகம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நம் ஆட்களோடு பழகிப் பழகி "போடு", "ஏறு", "எறங்கு" என்று மூன்று தமிழ் வார்த்தை வைத்திருந்தார். மற்றதெல்லாம் ஆங்கிலமும் மலாயும். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன், பேச்சுக்குப் பேச்சு அவர் ஒட்டுகிற 'லா'வை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்றைக்கென்று முருகேசன் காலில் ஒரு திருகாணி ஏறிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் ரத்தம். "அம்மா குத்திட்டா" என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தான். மிஸ்டர் கோ உள்ளே வந்தார்.

"வாட் ஈஸ் திஸ்? ஷூ எங்க? உன் ஷூ எங்க? உன் ஷூ எங்க?" ஒவ்வொரு காலாகக் காட்டிக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்து நின்றார். "அங்கிள்! நீயுமா?"

நான் காலை மடக்கி ஒளிக்கப் பார்த்தேன். நின்றுகொண்டு எத்தனை காலை ஒளிக்க முடியும்?

"போடு லா! ஷூ போடு!"

யாரும் அசையவில்லை. முருகேசன் மெதுவாகச் சொன்னான். "சார், மேல போட முடியாது சார். கீழ போடுறோம்."

"கீழ இருக்கிறவன் மேல ஆணி விழும், மேல இருக்கிறவன் கால்ல ஆணி ஏறும். ரெண்டு பேருக்கும் ஷூ!" என்றவர் சாரத்தில் தொங்கிய பச்சை அட்டையை எடுத்துவிட்டுச் சிவப்பு அட்டையை மாட்டினார். சிவப்பு மாட்டினால் யாரும் ஏறக்கூடாது. வேலை நின்றது.

சனிக்கிழமை திறப்பு. அன்று செவ்வாய். சாயங்காலம் மேடம் வந்து, பாதிக் கம்பியாக நிற்கிற கப்பலைப் பார்த்துவிட்டு ஷாலினியிடம் அமைதியாகச் சொன்னார். வியாழக்கிழமைக்குள் முடியவில்லை என்றால் இதைப் பிரித்து எடுத்துவிடுங்கள், போன வருடத்துக் காற்றடைத்த ஆக்டோபஸ் ஸ்டோரில் இருக்கிறது, அதை வைத்துக்கொள்கிறோம்.

அவர் போன பிறகு ஷாலினி சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டது. "ஆக்டோபஸ்" என்றது.

4. பேச்சுவார்த்தை

அன்று ராத்திரி நான் நடுவில் மாட்டினேன். ஒரு பக்கம் ஷாலினி, ஒரு பக்கம் முருகேசன்.

"அண்ணா, please. இது சாமி இல்ல. இது கப்பல். ஃபோம். நீங்கதான வெட்டுனீங்க?"

"கோயில் செலையும் யாரோ வெட்டுனதுதாம்மா. கண்ணு தொறக்கிற வரைக்கும் அது கல்லு. நீங்க தொறந்துட்டீங்க."

"நான் தொறக்கல! நான் paint பண்ணேன்!"

"அப்ப மூக்குத்தி எதுக்குப் போட்டீங்க?"

"அது மூக்குத்தி இல்லண்ணா! கயிறு கட்டுற வளையம்!"

"மூக்குல யாரும்மா கயிறு கட்டுவாங்க?"

உதவி பண்ணுவதாக நினைத்து நான் வாயைத் திறந்தேன். "மாட்டுக்குக் கட்டுவோமே."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷாலினிகூட. அதன்பிறகு சாப்பாட்டு நேரம் வரை என்னோடு யாரும் பேசவில்லை.

ஷாலினி புது வழி ஒன்று சொன்னது. பெட்டி பிரிக்காத புது ஷூ வாங்கித் தருகிறேன், தரையில் கால் வைக்காமல் ஏணியிலேயே மாட்டிக்கொண்டு மேலே போங்கள். ஆட்கள் கூடிப் பேசினார்கள். தோலா ரப்பரா என்று ஒருவன் கேட்டான். ரப்பர் என்றால் பரவாயில்லை என்று ஒருவன். ரப்பராக இருந்தாலும் ஷூ ஷூதானே, புது செருப்பு என்று உங்க அம்மா தலையில் வைப்பியா என்று இன்னொருவன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் அந்தப் பெண் எழுந்து உப்புத்தாளை எடுத்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி. கண்ண அழிச்சிடறேன். அப்புறம் வரைஞ்சுக்கலாம்."

"ஐயோ, கண்ணையா?" முருகேசன் குறுக்கே போய் நின்றுவிட்டான். "அம்மாடி, நீங்க சின்னப் புள்ள, தெரியாம பேசறீங்க. எனக்கு மூணு மாசக் கொழந்த இருக்கு ஊர்ல. நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

நல்லது. ஷூ போட மாட்டார்கள். கண்ணையும் அழிக்க விட மாட்டார்கள். கப்பலைப் பிரிக்கச் சொன்னால் அதுவும் மாட்டார்கள். ஆக்டோபஸை வைக்க இடமே இருக்காது. இதைச் சொன்னால் ஷாலினி சிரிக்கும் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

5. ஆபீசில் குடியேறிய அம்மா

புதன்கிழமை காலை மிஸ்டர் கோ மறுபடி வந்தார். வழக்கம்போலக் காலைப் பார்த்தார். எல்லோரும் கீழே ஷூவோடு நின்றதால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தலையைத் தூக்கினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கப்பலின் முகத்தைப் பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார். மல்லிகையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"கண்ண யாரு தொறந்தது?"

"தொறக்கல, paint பண்ணேன்" என்றது ஷாலினி. அதற்கு அந்தக் கேள்வியே பிடிக்காமல் போயிருந்தது.

"என்ன நாள் பாத்து? யாரக் கூப்பிட்டு?"

"Nobody. Acrylic."

மிஸ்டர் கோ ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. "அய்யோ, கேர்ள்! நான் இருபது வருஷம் சிங்க நடனத்துல முரசு அடிச்சவன். புதுச் சிங்கம் வந்தா கண்ணுல சிவப்புத் துணி கட்டித்தான் வரும். நல்ல நாள் பாத்து, பெரியவரு ஒருத்தரு பிரஷ்ல கண்ணுக்குப் புள்ளி வைக்கணும். அதுக்கு முன்ன அது வெறும் காகிதம். வச்ச பிறகு அது தலையில யாராவது டிரில் போடுவாங்களா?" என் பக்கம் திரும்பினார். "அங்கிள், ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல? நான் என்னமோ உங்க ஆளுங்களுக்கு ஷூ கடிக்குதுன்னு நெனச்சேன் லா!"

"அப்ப இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"கண்ண மூடு. வேல முடி. அப்புறம் தொற."

நான் முருகேசனுக்குச் சொன்னேன். அவன் யோசித்தான். "மூடினா மட்டும் போதுமாண்ணே? உள்ள இருக்கிறவ எங்க போவா?" என்றவன், தானே தொடையில் தட்டிக்கொண்டான். "பாலாலயம்ணே! கோயில்ல திருப்பணி நடக்கறப்ப சாமிய வேற எடத்துல கொண்டுபோய் வைப்பாங்கல்ல? வச்சிட்டு உள்ள சாரம் கட்டுவாங்கல்ல?"

வேறு இடம் என்றால் எது? எல்லோரும் ஒரே சமயத்தில் ஷாலினியின் மேசையைப் பார்த்தோம். அங்கே கப்பலின் மாடல் இருந்தது. கை நீளத்துக்கு, அதே முகம், அதே இறக்கை, பின்னால் அந்தச் சின்னக் கதவுகூட இருந்தது.

முருகேசன் குளித்துவிட்டு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரைப் பெரிய முகத்துக்கு முன் வைத்துக் கண்ணை மூடி நின்றான். பிறகு அம்மா அதில் இறங்கிவிட்டாள் என்று சொல்லி, அதைத் தூக்கி மாடலுக்குப் பக்கத்தில் வைத்தான். நீள இரும்பு ஏற்றும்போது லாரி பின்னால் கட்டுகிற சிவப்புத் துணி இரண்டைக் கொண்டு மிஸ்டர் கோவே ஏணியில் ஏறிப் பெரிய கண்களை மூடினார். ஏறும்போது ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றார். சேஃப்டி ஆபீசர் இல்லையா, போட்டுக்கொண்டே ஏறினார். ஆனால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

மாடலைத் தூசி படாத இடத்தில் வைக்க வேண்டும் என்றான் முருகேசன். தூசி இல்லாத இடம் சேஃப்டி ஆபீஸ் ஒன்றுதான். மிஸ்டர் கோவின் மேசையில், தீயணைப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். விளக்கு ஏற்றப் போனார்கள்.

"நெருப்பு கெனாட், கூடாது!" என்றார் மிஸ்டர் கோ. பேட்டரி விளக்கு வைத்தார்கள்.

சிவப்பு அட்டை போய்ப் பச்சை வந்தது. எல்லோரும் ஷூ போட்டார்கள். இரண்டு நாள் பிசாசு மாதிரி வேலை செய்தார்கள். மேடம் வியாழக்கிழமை வந்தபோது கடைசி இறக்கையை ஏற்றிக்கொண்டிருந்தோம். கண்ணில் ஏன் துணி என்று கேட்டார். "Surprise" என்றது ஷாலினி.

ஒரே ஒரு சங்கடம். சேஃப்டி ஆபீசுக்குள் இப்போது யாரும் ஷூவோடு போகவில்லை. வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். மிஸ்டர் கோவும்தான். முட்டிவரை ஏற்றிய வெள்ளைச் சாக்ஸோடு உட்கார்ந்து சேஃப்டி ஷூ பற்றி காலையில் வேலைக்கு முன்னால் நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்குக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

6. கண்ணாடி

சனிக்கிழமை காலை மறைப்புப் பலகையை எடுத்தாகிவிட்டது. பெற்றோர்களும் பிள்ளைகளுமாகக் கூட்டம். மேடம் மைக்கோடு கப்பலுக்கு நேர் எதிரே நின்றார். சொம்பை முருகேசன் பழையபடி கப்பலிடம் கொண்டுவந்துவிட்டான். மிஸ்டர் கோ ஏணியில் துணியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முருகேசன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அண்ணே! அந்தம்மாவ நகரச் சொல்லுங்க. மொதப் பார்வை மனுசங்க மேல விழக்கூடாது. கண்ணாடிதான் காட்டணும்!"

நான் ஓடிப்போய் ஏணிக்கு அடியில் நின்று சொன்னேன். மிஸ்டர் கோ யோசிக்கவே இல்லை. "வெயிட்!" என்று இறங்கி ஓடினார். சரக்கு இறக்குகிற இடத்தில், திருப்பத்தில் வண்டி வருவது தெரிவதற்கு ஒரு பெரிய வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள், நடுவில் புடைத்திருக்கும், சுற்றிலும் ஆரஞ்சு விளிம்பு. அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தார். மேடத்தை "எக்ஸ்கியூஸ் மீ, சேஃப்டி, சேஃப்டி" என்று சொல்லியே நகர்த்தினார். சேஃப்டி என்றால் எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

முருகேசன் ஏணியில் ஏறித் துணியை அவிழ்த்தான். கப்பல் கண் திறந்து, கண்ணாடியில் தன்னையே பார்த்தது. புடைத்த கண்ணாடி இல்லையா, அதில் கப்பல், இறக்கை, மாலின் நாலு மாடி, கூட்டம் எல்லாம் ஒரு உருண்டைக்குள் தெரிந்தது. வேறு உலகம் மாதிரியே இருந்தது. இதுவும் ஷோவில் ஒன்று என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். மேடம்தான் பலமாகத் தட்டினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண் திறந்தாகிவிட்டது. இனி இத்தனை பிள்ளைகளும் ஷூவோடு அதன் தலைமேல் ஏறப்போகிறார்கள். முருகேசன் முகத்தைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஷாலினி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தது. ஏணிப்படிக்குப் பக்கத்தில் மூடியிருந்த ஒரு துணியை இழுத்தது. உள்ளே செதில் செதிலாகச் செதுக்கி, கப்பலின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த ஒரு செருப்பு ஸ்டாண்ட். மேலே சிங்கப்பூரின் நாலு மொழியிலும் எழுதியிருந்தது: இந்தக் கப்பல் விழித்திருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு ஏறவும்.

"அந்த உலகத்துல அப்படித்தான் அங்கிள்" என்றது. "யாரும் ஷூ போட்டுக்கிட்டு கப்பல்ல ஏற மாட்டாங்க. முன்னாடி எனக்குத் தெரியல."

பிள்ளைகள் ஷூவை வீசி எறிந்துவிட்டு ஏறினார்கள். ஒரு அப்பா மட்டும் போன் பேசிக்கொண்டே ஷூவோடு படியில் கால் வைத்தார். மிஸ்டர் கோ பாய்ந்து போய் மறித்தார்.

"ஷூ கழட்டு லா! கண்ணு தெரியல? அது பாக்குது!"

பள்ளி விடுமுறை முடிகிறவரை அந்தக் கப்பல் நின்றது. பிரிக்கிற நாளில் மறுபடி சொம்பு வைத்து, கண்ணை மூடித்தான் பிரித்தோம். மாடல் இன்னும் மிஸ்டர் கோவின் மேசையில் இருக்கிறது. திருப்பிக் கேட்டால், அடுத்த வேலை முடியட்டும் என்கிறார். ஷாலினிக்கு இப்போது நிறைய கப்பல் வேலை வருகிறது, ஒவ்வொன்றிலும் பின்னால் ஒரு சின்னக் கதவு.

இப்போதெல்லாம் நம் பிள்ளைகள் நிறைய பேர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். டிராகன், பேசுகிற மரம், பறக்கிற கப்பல் என்று என்னென்னவோ செய்கிறார்கள். நீங்கள் அவர்களில் யாரையாவது பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். என்ன முகம் வேண்டுமானாலும் வைக்கட்டும், மூக்கில் வளையம்கூடப் போடட்டும். கண்ணை மட்டும் கடைசியில் வரையச் சொல்லுங்கள்.